ரெயின்கோட் வாங்கப் போறீங்களா? கருப்பை மட்டும் எடுக்காதீங்க



ஐப்பசி வந்தாச்சு. வங்கக் கடல்ல ஒரு சுழி தெரிஞ்சாலே நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப் எல்லாம் வானிலை மையமா மாறிடும். எனக்கும் இன்பாக்ஸ்ல வருஷா வருஷம் வர்ற கேள்வி வர ஆரம்பிச்சிடுச்சு. "டாக்டர், மழைக்காலத்துல என்ன சாப்பிடலாம்? கசாயம் குடிக்கலாமா? நிலவேம்பு நல்லதா?"

இதுக்கெல்லாம் போன வருஷமே எழுதிட்டேன். இந்த வருஷம் யாரும் கேட்காத ஒண்ணைப் பத்தி எழுதப் போறேன். ரெயின்கோட்.

"ஏம்ப்பா, எம்.பி.பி.எஸ் படிச்சிட்டு ஜவுளிக்கடை நடத்துறியா?"ன்னு கேட்கலாம். கொஞ்சம் பெரிய த்ரெட்தான். பொறுமையா படிங்க. மழை நாள் ராத்திரி கேஷுவாலிட்டியில டியூட்டி பார்க்கிற எவனும் ரெயின்கோட்டை வெறும் துணியா பார்க்க மாட்டான்.

முதல்ல ஒரு விஷயம். மழையில நனைஞ்சா காய்ச்சல் வரும்னு நினைச்சு ரெயின்கோட் வாங்குறவங்கதான் அதிகம். காய்ச்சலையும் சளியையும் கொண்டு வர்றது வைரஸ். மழைத்தண்ணி இல்ல. 2005-ல பிரிட்டன்ல கார்டிஃப் பல்கலைக்கழகத்துல, ஆட்களோட காலைக் குளிர்ந்த தண்ணியில கொஞ்ச நேரம் வைக்கச் சொல்லி ஒரு ஆய்வு பண்ணாங்க. அடுத்த சில நாள்ல அவங்களுக்கு சளித் தொந்தரவு கொஞ்சம் கூடுதலா வந்துச்சுதான். ஏற்கெனவே மூக்குல ஒட்டியிருக்கிற வைரஸ், குளிர்ல தலைதூக்குதுங்கிறது அவங்க விளக்கம். ஆக பாட்டி சொன்னது முழுப் பொய்யும் இல்ல, முழு உண்மையும் இல்ல. ஆனா நனைஞ்சு வர்ற சளி சில நாள்ல போயிடும்.

சில நாள்ல போகாத விஷயம் ரோட்டுல நடக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட 2022-ம் வருஷ அறிக்கையில, அந்த ஒரு வருஷத்துல இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவங்க 1,68,491 பேர். அதுல நூத்துக்கு 44 பேருக்கு மேல டூவீலர்ல போனவங்க. அதே வருஷம் விபத்து எண்ணிக்கையில முதலிடம் எந்த மாநிலம் தெரியுமா? தமிழ்நாடு. 64,105 விபத்து. இதெல்லாம் மழையால நடந்ததுன்னு நான் சொல்லல. ஆனா மழை நாள்ல ரோடு வழுக்கும், பிரேக் பிடிக்க லேட்டாகும், பஸ் டிரைவரோட கண்ணாடி முழுக்கத் தண்ணி ஓடும். அந்த நேரத்துல நீங்க என்ன போட்டிருக்கீங்கங்கிறது முக்கியமா இல்லையா?

நான் இருக்கிறது கோபாலபுரம். சாயந்திரம் ஆறரை மணிக்கு மழை பெய்யும்போது கதீட்ரல் ரோடு சிக்னல்ல, செம்மொழிப் பூங்கா பக்கம் நின்னு பாருங்க. டூவீலர்ல வர்றவங்க போட்டிருக்கிற ரெயின்கோட் எல்லாம் கருப்பு. இல்லன்னா கருநீலம். ரொம்ப ரசனையான ஆளுன்னா சாம்பல். வண்டி கருப்பு, ஹெல்மெட் கருப்பு, முதுகுல லேப்டாப் பை கருப்பு, பேன்ட் கருப்பு, ரோடு கருப்பு, ஆறரை மணி வானமும் கருப்பு. பின்னாடி வர்ற மாநகரப் பேருந்து டிரைவருக்கு உங்க இருப்புக்கு ஒரே சாட்சி அந்தக் குட்டி பிரேக் லைட் மட்டும்தான். அதுவும் எரிஞ்சாத்தான்.

நம்ம ஊர் மழையோட குணத்தைக் கொஞ்சம் யோசிங்க. சென்னைக்கு வருஷத்துக்குச் சுமாரா 140 செ.மீ. மழை. அதுல பாதிக்கு மேல அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணு மாசத்துல கொட்டித் தீர்த்துடும். இதே மாசங்கள்லதான் பகலும் சுருங்குது. நவம்பர் நடுவுல சூரியன் ஐந்தே முக்காலுக்குள்ள மறைஞ்சிடும். மும்பைக்காரங்களுக்கு மழை ஜூன்ல வருது. அங்க அப்போ ஏழு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். நமக்கு மழையும் இருட்டும் ஒண்ணா வருது. ஆபீஸ் விட்டு, டியூஷன் விட்டு, ட்யூட்டி மாத்தி எல்லாரும் ரோட்டுல இருக்கிற அந்த நேரத்துல வருது. அதனால சென்னைக்காரன் ரெயின்கோட் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "தண்ணி உள்ள போகுமா?" இல்ல. "நான் வெளிய தெரிவேனா?"

2004-ல பி.எம்.ஜே. மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. நியூசிலாந்துல ஆக்லாந்து பகுதியில விபத்துல அடிபட்ட பைக் ஓட்டிகளையும், விபத்தில்லாம ஓட்டுற மத்தவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ஒளி திருப்புற அல்லது பளிச்சுன்னு ஃப்ளோரசன்ட் நிற உடை போட்டவங்களுக்கு விபத்துக் காயம் ஏற்படுற வாய்ப்பு 37 சதவீதம் குறைவு. கருப்பு ஹெல்மெட்டோட ஒப்பிட்டா வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. மாத்திரை இல்ல, ஊசி இல்ல, ஆபரேஷன் இல்ல. நிறம். நிறத்துக்கு இவ்வளவு பலன். இப்படி ஒரு மாத்திரை கண்டுபிடிச்சா கம்பெனிக்காரங்க பத்து மடங்கு விலை வைப்பாங்க. இங்க கருப்புக்கும் மஞ்சளுக்கும் பெரும்பாலும் ஒரே விலைதான்.

அப்புறம் ஏன் யாரும் மஞ்சள் வாங்குறதில்ல?

இங்கதான் எனக்குக் கோபம் வருது. கடையில கேட்டுப் பாருங்க. "அது நிறைய வைக்கிறதில்ல சார், போகாது." ஏன் போகாது? வீட்டுல கேட்டுப் பாருங்க. "ஐய, அது கார்ப்பரேஷன்காரங்க போடுற மாதிரி இருக்கே." எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், நல்ல படிப்பு, நல்ல சம்பளம், மகளுக்கு வெள்ளிப் பட்டை போட்ட ஆரஞ்சு கோட் வாங்கிட்டுப் போய், அடுத்த நாளே கடையில மாத்திட்டு வந்தார். காலேஜ்ல கிண்டல் பண்ணுவாங்களாம். என்ன கிண்டல்? குப்பை வண்டிக்காரி மாதிரி இருக்கேன்னு.

இந்த நகரத்துல மழை நாள்ல ஒழுங்கா டிரஸ் பண்ணியிருக்கிறது யாருன்னா அந்தத் தூய்மைப் பணியாளரும், சிக்னல்ல நிக்கிற போக்குவரத்துக் காவலரும்தான். ராயப்பேட்டையில மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிற இடத்துல கொடி பிடிச்சிட்டு நிக்கிறவரும்தான். நூறு அடி தூரத்துல இருந்தே தெரியுறாங்க. அவங்க டிரஸ்ஸை வடிவமைச்சவங்க "இந்த மனுஷன் மேல வண்டி ஏறக்கூடாது"ன்னு யோசிச்சு வடிவமைச்சிருக்காங்க. உலகம் முழுக்க அதுக்குன்னு தர நிர்ணயமே இருக்கு. ஐ.எஸ்.ஓ. 20471ன்னு பேரு. எவ்வளவு ஃப்ளோரசன்ட் துணி இருக்கணும், எவ்வளவு பட்டை இருக்கணும்னு கணக்கு. நாம அதைக் கீழான வேலைக்காரங்களோட அடையாளமா பார்த்து ஒதுக்குறோம். அழகுன்னு நாம நினைக்கிறதுக்குள்ள எத்தனை ஏற்றத்தாழ்வு ஒளிஞ்சிருக்கு பாருங்க. அந்தக் கௌரவத்துக்கு விலை கொடுக்கிறது நம்ம பிள்ளைங்க.

சினிமாக்காரங்களையும் கொஞ்சம் சொல்லணும். நம்ம படத்துல கருப்பு ரெயின்கோட் போட்டு ஒருத்தன் மழையில நடந்து வந்தா அவன் கொலைகாரன்னு குழந்தைக்குக் கூடத் தெரியும். கொலைகாரன் ஏன் கருப்பு போடுறான்? யார் கண்ணுக்கும் தெரியக் கூடாதுன்னு! நீங்க எதுக்குப் போடுறீங்க?

சரி, நான் ஸ்டைலுக்கு எதிரி இல்ல. இதை அழுத்தமாவே சொல்றேன். "உயிர் முக்கியமா, ஸ்டைல் முக்கியமா"ன்னு கேட்கிற டாக்டர் வகையறா நான் இல்ல. பத்து வருஷமா மருந்து எழுதினதுல தெரிஞ்சுக்கிட்டது, நோயாளி சாப்பிடாத மாத்திரை வேலை செய்யாது. போடப் பிடிக்காத ரெயின்கோட்டும் அப்படித்தான். அது வண்டி சீட்டுக்கு அடியில மடிச்ச மடிப்போடவே இருக்கும். "பக்கத்துலதானே, சின்னத் தூறல்தானே"ன்னு கிளம்பிடுவீங்க. அதனால ஒரு ரெயின்கோட் அழகா இருக்கணும், உடம்புக்குப் பொருந்தணும், போட்டுக்கிட்டு ஆபீஸ் லிஃப்ட்ல ஏறக் கூச்சமா இருக்கக் கூடாது. இதெல்லாம் மருத்துவக் காரணம்தான்.

ரெயின்கோட்டோட வரலாறே அப்படித்தான் இருக்கு. 1823-ல கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்ல்ஸ் மேக்கின்டாஷ் ரெண்டு துணிக்கு நடுவுல ரப்பரை வச்சு ஒட்டிக் காப்புரிமை வாங்கினார். தண்ணி போகல. ஆனா நாத்தம், குளிர்ல விறைக்கும், வெயில்ல பிசுபிசுக்கும். போட்டவங்க சபிச்சாங்க. அப்புறம் தாமஸ் பர்பெரி கேபர்டீன் துணியைக் கொண்டு வந்தப்போதான் மழைக்கோட்டுங்கிறது மனுஷன் ஆசைப்பட்டுப் போடுற உடையா மாறிச்சு. முதல் உலகப்போர் பதுங்குகுழியில இருந்த அதிகாரிகள் போட்ட கோட்டுதான் இன்னைக்கும் ட்ரென்ச் கோட்னு கடையில தொங்குது. நம்ம நாட்டுல 1920-ல கொல்கத்தாவில சுரேந்திர மோகன் போஸ் ஆரம்பிச்ச பெங்கால் வாட்டர்ப்ரூஃப்ல இருந்து வந்த டக்பேக் ரெயின்கோட், நம்ம அப்பா தலைமுறைக்கு நல்லாத் தெரியும். கனமா இருக்கும், ஆனா பல வருஷம் உழைக்கும்.

இப்போ கடைக்குப் போவோம். பாண்டி பஜாரோ, ரங்கநாதன் தெருவோ, பாரதி சாலை நடைபாதையோ, ஆன்லைனோ, எங்க வேணா வாங்குங்க.

பிளாட்பாரத்துல தொங்குற பி.வி.சி. கோட் தண்ணியை நல்லாவே தடுக்கும். குறை சொல்ல முடியாது. ஆனா ரெண்டு சீசன்ல மடிப்புல வெடிக்கும். உள்ள வேர்த்துக் கொட்டும். மழையில நனையாம வேர்வையில நனைஞ்சு ஆபீஸ் போய்ச் சேருவீங்க. பாலியெஸ்டர் துணிக்கு உள்பக்கம் பி.யு. பூச்சு கொடுத்த கோட்தான் நம்ம ஊருக்கு என் தேர்வு. லேசா இருக்கும், மடிச்சு வைக்கலாம், பார்க்கவும் சாதாரண ஜாக்கெட் மாதிரி இருக்கும்.

அதுல "5000 மி.மீ.", "10000 மி.மீ."ன்னு ஒரு எண் போட்டிருப்பாங்க. பல பேர் அதைச் சும்மா விளம்பரம்னு நினைக்கிறாங்க. துணி மேல ஒரு குழாயைச் செங்குத்தா நிறுத்தி தண்ணி ஊத்திக்கிட்டே போனா, எத்தனை மில்லிமீட்டர் உயரத்துல துணி கசிய ஆரம்பிக்குதோ அதுதான் அந்த எண். 1500 இருந்தா தூறலுக்குப் போதும். ஆனா நீங்க நடந்து போகல. நாற்பது கிலோமீட்டர் வேகத்துல மழைக்குள்ள பாயுறீங்க. புயல் நேரம்னா மழை மேல இருந்து வராது, பக்கவாட்டுல அடிக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ வெளிய போனவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. உட்காருற இடத்துல உங்க எடை வேற துணியை அழுத்தும். டூவீலருக்கு 5000-க்குக் குறையாம பாருங்க.

துணியை விட முக்கியம் தையல். ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. கோட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. தையல் மேல டேப் மாதிரி ஒரு பட்டை ஒட்டி மூடியிருக்கணும். முக்கியமா பேன்ட்ல, ரெண்டு காலும் சேர்ற இடத்துல. வண்டியில உட்கார்ந்தா மடியில குளம் கட்டும், அந்தக் குளம் இறங்குற வழி அதுதான். ஆபீஸ்ல போய் விளக்கம் சொல்ல முடியாத இடத்துல ஈரம் இருக்கிறதுக்குக் காரணம் இந்த ஒரு டேப் இல்லாததுதான்.

அப்புறம் இந்த "ப்ரீத்தபிள்" கதை. 1969-ல அமெரிக்காவில பாப் கோர் கண்டுபிடிச்ச சவ்வுல இருந்து இந்த வகைத் துணி வளர்ந்துச்சு. வேர்வை ஆவியை வெளிய விடும், தண்ணியை உள்ள விடாது. பிரமாதமான விஞ்ஞானம். ஆனா ஆவி வெளிய போகணும்னா உள்ள ஈரப்பதம் அதிகமாவும் வெளிய குறைவாவும் இருக்கணும். நவம்பர்ல சென்னைக் காத்துல ஈரம் ஏற்கெனவே நிரம்பி வழியுது. குளிர் மலைக்குச் செஞ்ச கோட்டைப் பெரிய விலை கொடுத்து வாங்கி ராதாகிருஷ்ணன் சாலையில போட்டா பாதிப் பலன்தான். அந்தக் காசுக்கு அக்குள்லயும் முதுகுலயும் காத்துப்போக இடம் விட்டு, உள்ள வலை போட்ட சாதா கோட் வாங்குங்க. உடம்பும் நல்லாயிருக்கும், பர்ஸும் நல்லாயிருக்கும்.

வேர்வைன்னதும் ஞாபகம் வருது. மழைக்காலத்துல என் ஓ.பி.யில படர்தாமரை கேஸ் குவியும். ஈர பேன்ட், மேல ரெயின் பேன்ட், அதோட ஏழெட்டு மணி நேரம். தொடை இடுக்குல பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. போன இடத்துல மாத்திக்க ஒரு செட் உள்ளாடையும் சின்னத் துண்டும் பையில வச்சுக்கோங்க. அரிப்பு வந்தா மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்கித் தடவாதீங்க. ரெண்டு நாள் அடங்கின மாதிரி இருக்கும், அப்புறம் ஊர் முழுக்கப் பரவும். தோல் டாக்டரைப் பாருங்க.

மறுபடியும் நிறத்துக்கு வர்றேன், ஏன்னா அதுலயும் ஏமாத்து இருக்கு. ஃப்ளோரசன்ட் மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் சூரிய வெளிச்சத்துல இருக்கிற புற ஊதாக் கதிரை வாங்கிப் பளிச்சுன்னு திருப்பிக் கொடுக்கிற சாயம். மேகமூட்டமான பகல்ல அபாரமா வேலை செய்யும். ஆனா சூரியன் போனதும் அதுவும் சாதாரண நிறம்தான். ராத்திரிக்கு வேணுங்கிறது ரிஃப்ளெக்டர் பட்டை. வண்டி ஹெட்லைட் பட்டதும் அந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். பகலுக்கு நிறம், ராத்திரிக்குப் பட்டை. ரெண்டும் வேணும்.

பல கோட்டுல பட்டை மாதிரி சாம்பல் நிறத்துல கோடு மட்டும் பிரிண்ட் பண்ணி வச்சிருப்பாங்க. கண்டுபிடிக்கிறது சுலபம். கடையிலயே செல்போனை எடுத்து, நாலடி தள்ளி நின்னு, ஃப்ளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுங்க. நிஜப் பட்டைன்னா போட்டோவுல வெள்ளையா ஜொலிக்கும். டூப்ளிகேட்னா சாம்பலாவே இருக்கும். கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.

பட்டை எங்க இருக்குங்கிறதும் பாருங்க. முதுகுல மட்டும் இருந்தா, நீங்க பை மாட்டினதும் காலி. பின்னாடி ஆள் உட்கார்ந்தாலும் காலி. மணிக்கட்டு, முழங்கை, கணுக்கால் பக்கம் பட்டை இருந்தா ரொம்ப விசேஷம். அசையிற கை கால்ல வெளிச்சம் தெரிஞ்சா, அது ஏதோ கம்பமோ போர்டோ இல்ல, ஒரு மனுஷன்னு டிரைவரோட மூளை உடனே கண்டுபிடிச்சிடும். பைக்கு மேல போடுற உறையையாவது பளிச்சுன்னு வாங்குங்க.

ஏற்கெனவே கருப்பு கோட் வச்சிருக்கீங்களா? தூக்கிப் போட வேணாம். அது மேல ரிஃப்ளெக்டர் பட்டை வச்ச வலை ஜாக்கெட் ஒண்ணைப் போட்டுக்கோங்க. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் வண்டி சாமான் கடைகள்ல விசாரிங்க, ரெண்டு ஹோட்டல் சாப்பாட்டு விலைதான் இருக்கும். கோட்டுலயே பட்டையைத் தைக்கிறேன்னு உட்காராதீங்க, ஊசி போட்ட ஒவ்வொரு இடமும் ஒழுகும். ஹெல்மெட்டுக்குப் பின்பக்கம் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டலாம்.

"எனக்கு மஞ்சள் செட் ஆகாது டாக்டர்"னு சொல்ற தங்கச்சிங்களுக்கு: சிவப்பு இருக்கு, வெளிர் நீலம் இருக்கு, புதினாப் பச்சை இருக்கு, வெள்ளையில பெரிய பூப் போட்டது இருக்கு. கூட நாலு பட்டை. பார்க்க அருமையா இருக்கும். நம்ம ஊர்ல அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சைன்னு பட்டுப்புடவை எடுத்துக் கட்டுற ஜனம், மழை வந்தா மட்டும் ஏன் துக்க வீட்டுக்குப் போற மாதிரி கிளம்புதுன்னு எனக்கு இன்னும் புரியல.

இப்போ கொஞ்சம் சீரியஸான பகுதி.

போன்சோ. அதாவது போர்வை மாதிரி மேல இருந்து மாட்டிக்கிற வகை. நடந்து போறவங்களுக்கும் பஸ்ல போறவங்களுக்கும் நல்லது. டூவீலர்ல போடவே போடாதீங்க. காத்துல பறந்து பின்சக்கரத்துலயோ செயின்லயோ சிக்கினா, சக்கரம் உங்களைச் சேர்த்து இழுக்கும். துப்பட்டா கேஸும் சேலை கேஸும் பார்க்காத எலும்பு முறிவு டாக்டர் தமிழ்நாட்டுலயே இருக்க மாட்டார். 1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123-வது விதி, பின்சக்கரத்தோட பாதிக்குக் குறையாம மறைக்கிற தடுப்பு இருக்கணும்னு சொல்லுது. பின்னாடி உட்காருறவங்க உடை சிக்காம இருக்கத்தான். நாம புது வண்டி வாங்கினதும் அந்த சேலைத் தடுப்பை "அசிங்கமா இருக்கு"ன்னு கழட்டிப் போட்டுடுறோம். இங்கயும் அதே ஸ்டைல்தான்!

அப்பாவோட போன்சோவுக்குள்ள பின்னாடி குழந்தை ஒளிஞ்சிக்கிட்டு வர்றது பார்க்க அழகு. அந்தக் குழந்தைக்கு வெளிய எதுவும் தெரியாது, எதைப் பிடிச்சுக்கணும்னும் தெரியாது. வண்டி குலுங்கினா தயாராக நேரம் இல்ல. குழந்தைக்குத் தனி கோட், தனி ஹெல்மெட். குழந்தை கோட்டுல கழுத்துப் பக்கம் இழுத்துக் கட்டுற கயிறு இருந்தா உருவிடுங்க. ஸ்கூல் வேன் கதவுலயும் சறுக்குமர விளிம்புலயும் சிக்கி இறுக்கும். அமெரிக்காவில இதுக்கு 1996-லயே வழிகாட்டுதல் போட்டுட்டாங்க.

குடை. மழை வந்ததும் பின் சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு குடையை விரிக்கிற பழக்கம். கெஞ்சிக் கேட்கிறேன், வேணாம். ஓடுற வண்டியில விரிச்ச குடை பாய்மரம் மாதிரி. காத்து அதைப் பின்னாடி இழுக்கும், கை அனிச்சையா இறுக்கிப் பிடிக்கும், ஆள் மல்லாக்கப் பின்னாடி விழுவாங்க. முதல்ல தரையில படுறது பின்மண்டை. பெரும்பாலும் அது அம்மாவோ மாமியாரோ, ஹெல்மெட் இல்லாத ஐம்பது வயசுக்காரங்க.

இப்படி விழுந்தவங்க எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்லப்பா, வீட்டுக்குப் போலாம்"பாங்க. நல்லாப் பேசுவாங்க. மண்டைக்குள்ள ரத்தம் மெதுவா கட்டிக்கிட்டு இருக்கும். சில மணி நேரம் கழிச்சு வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல். "அசதியில தூங்குறாங்க"ன்னு விட்டுடாதீங்க. தலையில அடிபட்ட யாருக்கும் இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் 108-க்குக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. தமிழ்நாடு அரசோட "நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து நடக்குது. சாலை விபத்துல சிக்கினவங்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்துல சேர்ந்திருக்கிற தனியார் ஆஸ்பத்திரியிலயும் இலவசம். ஆரம்பிக்கும்போதே ஒரு லட்சம் வரைக்கும் கொடுத்தாங்க. காசை நினைச்சு ஒரு நிமிஷம் கூட யோசிக்காதீங்க.

ஹூடு விஷயம். கோட்டோட வர்ற தொப்பியை மாட்டி அதுக்கு மேல ஹெல்மெட் போட்டா ஹெல்மெட் சரியா உட்காராது. ஹெல்மெட்டுக்கு மேல மாட்டினா பக்கவாட்டுல வர்ற வண்டி தெரியாது. வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் மட்டும் போதும். ஹூடைக் கழட்டி வைக்கிற மாதிரி கோட் வாங்குங்க.

அளவு எடுக்கும்போது கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தா போதாது. ஒரு ஸ்டூல்ல உட்கார்ந்து, ஹேண்டில் பிடிக்கிற மாதிரி கையை நீட்டிப் பாருங்க. கை ஏறி மணிக்கட்டு வெளிய தெரிஞ்சா, கால் ஏறி கணுக்கால் தெரிஞ்சா ஒரு சைஸ் பெருசு எடுங்க.

ஆனா ஒரு ஆளுக்கு என்கிட்ட பதில் இல்ல. சேலை கட்டி வேலைக்குப் போற பெண். எங்க மருத்துவமனையிலயே அப்படி எத்தனையோ பேர். ஆயாம்மாக்கள், சமையல் கூடத்துல இருக்கிறவங்க, கோபாலபுரத்துல காலையில அஞ்சரைக்கே நாலு வீட்டு வேலைக்கு வர்ற அக்காங்க. சேலை மேல ரெயின் பேன்ட் ஏறாது. நீளமான கவுன் மாதிரி கோட் போட்டா நடக்கும்போது கால் தட்டும், ஸ்கூட்டர்ல ஒரு பக்கமா உட்கார்ந்தா சக்கரத்துக்குப் பக்கத்துல தொங்கும். கடையில கேட்டா "லேடீஸ்"னு சொல்லி ஆம்பள கோட்டையே பிங்க் கலர்ல எடுத்துக் கொடுக்கிறாங்க. திருப்பூரை வச்சிருக்கிற மாநிலம் நாம. உலகத்துக்கே பனியன் தைச்சு அனுப்புறோம். சேலைக்கு மேல கட்டிக்கிற, கொசுவத்தை உள்ள அடக்கிக்கிற, ஓரத்துல பட்டை வச்ச ஒரு மழைப் பாவாடை தைக்க நம்ம ஊர்ல ஆள் இல்லையா? யாராவது தைச்சா முதல் ஆர்டர் நான் கொடுக்கிறேன், எங்க வார்டுக்கு.

அதே மாதிரி வீட்டுல வேலைக்கு ஆள் வச்சிருக்கிறவங்க தீபாவளிக்குப் புடவையோட ஒரு நல்ல ரெயின்கோட்டும் சேர்த்துக் கொடுங்க. சாப்பாடு டெலிவரி கம்பெனி நடத்துறவங்க ஆளுக்கு ரெண்டு செட் கொடுங்க. ஒண்ணு காயும்போது இன்னொண்ணு வேணுமே.

காயப்போடுறதுக்கு வந்துட்டோம். பல கோட் சாகுறது மழையில இல்ல, சீட்டுக்கு அடியிலதான். ஈரத்தோட மடிச்சு வச்சா பூச்சு பிசுபிசுன்னு ஆகி உரிஞ்சு வரும். நல்ல தண்ணியில அலசி, உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி நிழல்ல தொங்க விடுங்க. இஸ்திரி வேணாம், கடுமையான வெயிலும் வேணாம்.

தொங்க விடுற இடமும் பாருங்க. வாசல்லயே, வெளியில. ஹால்ல நாற்காலி மேல போட்டா மொசைக் தரையில தண்ணி சொட்டும். அது கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி பாத்ரூம் போக எழுந்திரிக்கிற பாட்டி அதுல கால் வைப்பாங்க. இடுப்பு எலும்பு உடைஞ்சு வர்ற எழுபது வயசுக்காரங்களை மழைக்காலத்துல வார்டுல போய்ப் பாருங்க. ரோட்டுல அடிபட்டவங்க பெட்டுக்குப் பக்கத்து பெட்டுல இருப்பாங்க. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வர்றவங்களும் சொட்டச் சொட்ட கோட்டோட வார்டுக்குள்ள வராதீங்க, வெளிய உதறிட்டு ஒரு கவர்ல போட்டுக்கோங்க.

ரெயின்கோட் காப்பாத்தாத விஷயமும் இருக்கு. தேங்கின தண்ணியில நடந்தா எலிக்காய்ச்சல் வரும், காலுல புண் இருந்தா இன்னும் சுலபமா வரும். மழையில அறுந்து கிடக்கிற கரண்ட் கம்பிக்கு உங்க கோட் பாதுகாப்பு இல்ல. இதுக்குத் தனியா எழுதுறேன்.

நாளைக்கு எனக்கு நைட் ட்யூட்டி. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, முடிஞ்சப்போ பதில் போடுறேன். புதுசா கோட் வாங்குறவங்க கமெண்ட்ல போட்டோ போடுங்க. ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவா இருக்கட்டும்.